பேச்சுக்குப் போட்ட புள்ளி எதற்கு என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த வட்டாரத்துப் பேச்சுப் போட்டிகளுக்கு நீதிபதியாகவும் போய் வருகிறேன். கல்லூரிகளில் மாணவர்களின் பேச்சுக்குப் புள்ளி போடும் விதம் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள், செம்பனைத் தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை என்ற தலைப்பில் வகுப்பில் பிரசென்டேஷன் செய்தாள். தோட்டத்திலேயே வளர்ந்தவள், விஷயம் தெரிந்து பேசக்கூடியவள். கிடைத்தது 20-க்கு 11. தாளில் 'தன்னம்பிக்கை குறைவு' என்று ஒரே ஒரு வரி. என்ன செய்தால் சரியாகும் என்று கேட்டதற்கு, பழகப் பழக வந்துவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்வாள்? குரல் நடுங்கியதா? எதிரில் இருப்பவர்களைப் பார்க்காமல் திரையைப் பார்த்துப் படித்தாளா? ஆங்கிலச் சொல் வராமல் நின்றாளா? ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வேறு.

அமெரிக்காவின் தேசியத் தொடர்பியல் சங்கம் கல்லூரி மாணவர்களின் மேடைப் பேச்சை மதிப்பிட 1990களில் ஒரு படிவம் வெளியிட்டது. அதில் எட்டுத் திறன்கள் இருக்கின்றன: தலைப்பைத் தேர்ந்து சுருக்குவது, நோக்கத்தைத் தெளிவாகச் சொல்வது, தகுந்த ஆதாரம் தருவது, கருத்துகளை வரிசைப்படுத்துவது, கேட்பவருக்கு ஏற்ற மொழி, குரலில் ஏற்ற இறக்கம், உச்சரிப்பும் இலக்கணமும், உடல்மொழி. தன்னம்பிக்கைக்கு அதில் தனிக் கட்டமே இல்லை. அதுதான் சரி என்பேன். மனசுக்குள் இருப்பதற்கு யாராலும் புள்ளி போட முடியாது, காதில் கேட்டதற்கும் கண்ணில் பட்டதற்கும்தான் போட முடியும். பேசுகிறவர் தம் பதற்றம் எல்லாருக்கும் அப்படியே தெரிகிறது என்று நினைக்கிறார், உண்மையில் அவ்வளவு தெரிவதில்லை என்று சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற உளவியலாளர்கள் 2003-இல் ஆய்வு வெளியிட்டார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டு மேடை ஏற்றிய மாணவர்கள் நன்றாகவே பேசினார்கள். 'தன்னம்பிக்கை குறைவு' என்று எழுதிக் கொடுத்தால் நடப்பது இதற்கு நேர்மாறு.

இன்னொன்று, உச்சரிப்பு. எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ், ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, அப்புறம் இடைநிலைப்பள்ளியில் மலாய், கல்லூரியில் ஆங்கிலம் என்று வருகிறவர்கள். ஆங்கிலத்தில் நிதானமாகத்தான் பேசுவார்கள். அந்த எட்டில் உச்சரிப்பும் இலக்கணமும் சேர்ந்தே ஒன்றுதான். பட்டணத்துப் பிள்ளையின் சரளத்தைக் கேட்டு மயங்கி மற்ற ஏழு திறன்களையும் விட்டுவிடக் கூடாது.

நம் பேச்சுப் போட்டிகளிலும் இதே கோளாறு வேறு விதமாக இருக்கிறது. ஆசிரியர் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை மனப்பாடம் செய்து, கை அசைவு உட்பட ஒப்பித்துக் கிண்ணம் வாங்கிவிடுகிறது. 'நீ சொன்னதில் இது எப்படி?' என்று ஒரு கேள்வி கேட்டால் பல பிள்ளைகள் விழிக்கும். கல்லூரிக்குப் போன பிறகு அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள். முயேட் (MUET) எனும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வில் தனியாகப் பேசிய பிறகு குழுவாகக் கலந்துரையாட வேண்டும். அதை மனப்பாடம் செய்துகொண்டு போக முடியாது. 2021-இல் வந்த புதிய அமைப்பில் பேச்சுக்கு 15 விழுக்காடு இருந்தது 25 ஆக உயர்ந்துவிட்டது. ஆகவே போட்டி நடத்துகிறவர்கள் ஒவ்வொரு பேச்சுக்குப் பின்னும் ஒரு கேள்வியாவது கேட்டு, அதற்கும் புள்ளி வையுங்கள்.

விரிவுரையாளர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மதிப்பீட்டுப் படிவத்தைப் பேச்சுக்கு ஒரு வாரம் முன்பே மாணவர் கையில் கொடுங்கள். முடிந்ததும் எதற்கு எத்தனை புள்ளி, அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்று எழுதித் திருப்பிக் கொடுங்கள். வகுப்பில் ஆள் அதிகம், நேரம் இல்லை என்பது எனக்கும் தெரியும். படிவத்தில் கட்டங்கள் சரியாக இருந்தால் பேச்சைக் கேட்கும்போதே நிரப்பிவிடலாம்.

எங்கள் ஊர்க் கோயில் மண்டபம் சனிக்கிழமை மாலைகளில் பூட்டித்தான் கிடக்கிறது. கோயில் இளைஞர் பிரிவினர் அதைத் திறந்துவிட்டால், விடுமுறைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு, அந்த எட்டுக் கட்டங்களையும் நிரப்பித் தர நான் தயார். ஓய்வு பெற்ற மற்ற ஆசிரியர்களும் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
பீடோங், கெடா.