பத்தொன்பது வயதுப் பதக்கங்கள்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் குணா,

உன் கடிதம் கிடைத்தது. இளையவன் 1.75 கிலோ பரிதிவட்டத்தை, அந்த எறிகிற தட்டை, விட்டுவிட்டு 2 கிலோவைக் கையில் எடுத்ததும் ஐந்தாறு மீற்றர் காணாமல் போய்விட்டதென்று, பிள்ளைக்கு ஏதோ நோய் கண்டதுபோல எழுதியிருக்கிறாய். மச்சான், அது நோயில்லை. இருபது வயதுக்குட்பட்ட கனிஷ்ட பிரிவிலிருந்து வெளியேறும் எல்லா ஆண் பிள்ளைகளும் கட்டுகிற வரி. எறிகிற குண்டும் சம்மட்டியும் அவர்களுக்கு 6 கிலோ, பெரியவர்களுக்கு 7.26 கிலோ. 110 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் வேலி 99.1 சென்ரிமீற்றரிலிருந்து 106.7க்கு ஏறிவிடும். ஈட்டி மட்டும் இரண்டு பிரிவிலும் 800 கிராம். பெண் பிள்ளைகளுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. தொடக்கத்திலிருந்தே பெரியவர்களின் எடை, பெரியவர்களின் உயரம். ஆகவே மகனைக் கொஞ்ச நாள் அளவுநாடாவுக்குத் தூரத்தில் வைத்திரு. நீயும் தூரத்தில் நில். நீ மைதானத்து ஓரத்தில் நின்று தலையை ஆட்டுவது அவனுக்குக் கூடுதல் பாரம்.

ஆசிய கனிஷ்ட மெய்வல்லுநர் சம்பியன்ஷிப்பில் எங்கள் நாட்டுப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், அங்கே வென்றவர்கள் பிறகு என்ன ஆகிறார்கள் என்று கேட்டிருந்தாய். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டால் கடிதம் நீளும் என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறாய்.

அந்தப் போட்டி தொடங்கியது 1986இல், ஜகார்த்தாவில். போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று இருபதை எட்டாதவர்கள் ஓடலாம். நமக்கு அப்போது பதினெட்டு. சட்டப்படி நீயும் நானும் தகுதியானவர்கள்! அவர்கள் அங்கே ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே ஊரடங்கு. பின்னேரம் கொஞ்சம் பிந்தினால் அம்மா மைதானத்து வாசலுக்கே ஆள் அனுப்பிவிடுவார். நாம் 100 மீற்றரை எத்தனை விநாடியில் ஓடினோம் என்பதற்குக்கூட ஒரு துண்டுக் கடதாசி இல்லை. நமக்குத் தெரிந்த ஒரே ஆசியப் பதக்கம் எதிர்வீரசிங்கத்தினுடையது: 1958 டோக்கியோ, உயரம் பாய்தல், 2.03 மீற்றர், ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கையின் முதல் தங்கம். நமது பீ.ரீ. மாஸ்டர் அதைச் சொல்லும்போது தானும் அந்தக் குறுக்குத் தடிக்கு மேலால் போய்வந்தவர் மாதிரித்தான் சொல்வார், நினைவிருக்கிறதா?

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இந்தப் போட்டியின் பதக்கப் பட்டியலைத் தங்கம் வென்றவர்களின் வரிசையாக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். 2016இல் ஹோ சி மின் நகரத்தில் நடந்த போட்டியில் ஈட்டி எறிதலில் வெள்ளி வாங்கியவன் ஓர் இந்தியப் பையன், 77.60 மீற்றர். தங்கம் இன்னொருவனுக்கு. அடுத்த மாதம் போலந்தின் பிட்கோஷில் உலக கனிஷ்ட போட்டியில் அதே பையன் 86.48 மீற்றர் எறிந்து கனிஷ்ட உலக சாதனையே வைத்துவிட்டான். நீரஜ் சோப்ராவைத்தான் சொல்கிறேன். டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் பிறகு வந்தது. ஆசியாவில் இரண்டாமிடம், சில வாரங்களில் உலகில் முதலிடம்! இதை என் மாணவர்களிடம் சொன்னால், "அப்ப அங்க வென்ற ஆள் இப்ப எங்க சேர்?" என்று கேட்கிறார்கள். சரியான கேள்வி. வென்றவனைத் தேடிப்போகிற பழக்கம் நமக்கு இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2010இல் ஹனோயில் கட்டார் பையன் ஒருவன் 2.31 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கம் வென்றான். கனிஷ்ட பிரிவில் 2.31! அவனைப் பார்த்தவர்களுக்கு அன்றைக்கே சந்தேகம் இருந்திருக்காது. முதாஸ் பர்ஷிம், பிறகு மூன்று தடவை உலக சம்பியன், டோக்கியோவில் இத்தாலிக்காரர் தம்பேரியோடு தங்கத்தைப் பகிர்ந்துகொண்ட அதே ஆள். சிலருக்குப் பத்தொன்பது வயதிலேயே எல்லாம் கூடி வந்துவிடும்.

எனக்கு இந்த இருவரையும்விடப் பிடித்த கதை எங்கள் நாட்டு அருண தர்ஷனவுடையது. 2018இல் ஜப்பானின் கிபுவில் 400 மீற்றரை 45.79 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். பத்திரிகைகள் அப்போதே சுகத் திலகரத்னவின் 44.61ஐ, அதுதான் 1998 பாங்கொக்கில் ஓடிய அந்தத் தேசிய சாதனையை, எடுத்து இவரின் தலையில் வைத்துவிட்டன. ஆனால் 45 விநாடிக்குள் வர அவருக்கு ஆறு ஆண்டு எடுத்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் முதற்சுற்றில் 44.99. கணக்குப் போட்டுப் பார்: ஆறு ஆண்டுகளில் 0.80 விநாடி. நீ ஒருதரம் தும்மி முடிக்கிற நேரம். அந்த ஆறு ஆண்டும் ஒருவன் காலையில் எழும்பிப் போகிறான், காயம் ஆறுகிறது, திரும்பக் கிழிகிறது, சம்பளத்துக்கு ஒரு வேலை பார்க்கிறான், இன்னும் 46ஐச் சுற்றித்தான் நிற்கிறான். கடைசியில் பாரிஸ் அரையிறுதியில் பாதைக் கோட்டை மிதித்ததற்காகத் தகுதி நீக்கம். உன் மகனுக்கு வாசித்துக் காட்டுவதென்றால் நீரஜை விட்டுவிட்டு இதை வாசித்துக் காட்டு.

தருஷி கருணாரத்னவைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். 2023 ஜூனில் தென் கொரியாவின் யெச்சோனில் ஆசிய கனிஷ்ட 800 மீற்றர் தங்கம். ஜூலையில் பாங்கொக்கில் பெரியவர்களின் ஆசிய சம்பியன்ஷிப், அங்கேயும் தங்கம், 2:00.66. ஒக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழா, திரும்பவும் தங்கம். 2002இல் ஓட்டக்காரி சுசந்திகா ஜயசிங்க வென்ற பிறகு ஆசிய விளையாட்டு விழா மெய்வல்லுநர் போட்டிகளில் இலங்கைக்குத் தங்கமே இருக்கவில்லை. மூன்றையும் வென்றபோது அந்தப் பிள்ளைக்கு வயது பதினெட்டு. அடுத்த ஆண்டு பாரிஸில் அரையிறுதிக்கே போகவில்லை. உடனே "முடிந்துவிட்டது" என்று எழுதுகிறவர்கள் எழுதிவிட்டார்கள். பத்தொன்பது வயதில் என்ன முடியும், சொல்லு?

ஆனால் நான் அந்தப் பிள்ளையைவிட அவர் படித்த பாடசாலையைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கண்டி மாவட்டத்தில் வலல என்ற ஊர், ஏ. ரத்னாயக்க மத்திய கல்லூரி. கொழும்பின் பெரிய பாடசாலை இல்லை, பணக்காரப் பழைய மாணவர் சங்கத்தின் பெயரும் நான் கேள்விப்படவில்லை. அங்கே சுசந்த பெர்னாண்டோ என்ற பயிற்றுநர் இருக்கிறார். 400, 800 ஓடும் பெண் பிள்ளைகள் அந்தப் பாடசாலையிலிருந்து ஒருவருக்குப் பின் ஒருவராக வந்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர் வந்தால் அதிர்ஷ்டம் எனலாம், இத்தனை பேர் வந்தால் அப்படிச் சொல்ல முடியாது. ஒரே ஆள், ஒரே ஊர், மூத்தவள் ஓடுவதைப் பார்த்து இளையவள் ஓடுகிறாள். இங்கே யாரைக் கேட்டாலும் செயற்கை ஓடுபாதை வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான், நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் ஓடுபாதை வந்து அதில் நின்று நேரம் எடுக்கிற பயிற்றுநர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டால் மாலையில் நடைப்பயிற்சி செய்யும் உத்தியோகத்தருக்குத்தான் அது பயன்படும்.

எங்கள் கதையே அதுதான். ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்து, ஒன்பதில் மாகாணமட்டத்துக்குக் கொண்டுபோய், பத்தாம் வகுப்பில் விட்டுவிட்டு இன்னொரு பாடசாலைக்குப் போகச் சொல்லி ஆசிரியருக்கு இடமாற்றக் கடிதம் வரும். புதிதாக வருகிறவர் கிரிக்கெட் ஆளாக இருப்பார். அதோடு சாதாரண தரப் பரீட்சை, டியூஷன். பதினாறுக்கும் பத்தொன்பதுக்கும் இடையில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் உதிர்ந்து போகிறார்கள். ஆசிய கனிஷ்ட பதக்கங்கள் கிடைப்பதும் சரியாக அந்த வயதில்தான்.

கிபுவுக்கும் யெச்சோனுக்கும் இடையில் ஐந்து ஆண்டு இந்தப் போட்டியே நடக்கவில்லை, கொரோனா. யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. 2018இல் ஓடியவர்கள் 1999இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள். 2023இல் ஓடியவர்கள் 2004இலும் அதற்குப் பிறகும். அப்படியானால் 2001, 2002, 2003இல் பிறந்தவர்கள்? முதற்போட்டியின்போது இன்னும் சிறியவர்கள், அடுத்ததற்கு வயது கடந்தவர்கள். ஆசியா முழுக்க ஒரு தலைமுறைக்கு அந்த வாசல் சரியான வயதில் திறக்கவே இல்லை. என்னிடம் மூதூர்ப் பையன் ஒருவன் இருந்தான், 2002இல் பிறந்தவன், முப்பாய்ச்சல். ஓடிவந்து பலகையை மிதிக்கும்போது பார்க்கிறவனுக்கு மூச்சு நிற்கும். 2020இல் பாடசாலை மூடியது, பிறகு 2022இல் பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. இப்போது டோஹாவில் பாதுகாப்பு ஊழியர் வேலை. பர்ஷிமின் பெரிய படம் ஒன்றுக்கு முன்னால் நின்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தான். "சேர், இவரும் பாய்கிறவர்தானே" என்று ஒரு வரி. என்ன பதில் போடுவது? "சாப்பிட்டாயா" என்று கேட்டு அனுப்பினேன்.

இனி ஊர்ப் புதினம். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி வழக்கம்போல நடந்தது. மூன்று வாரம் இல்லம் சோடித்தார்கள். தென்னோலையில் கோணேசர் கோயில் கோபுரம் ஒன்று, கோட்டை வாசல் மான்கள்கூட அட்டையில். அணிநடைக்கு இரண்டு வாரம். ஓட்டப் பயிற்சிக்கு மிஞ்சியது சில நாள். நான் சொன்னால் கோபிக்கிறார்கள். பழைய மாணவர் ஓட்டத்தில் விதானையார் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். அதற்குத்தான் அன்று அதிகக் கைதட்டல்.

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. உனக்குத் தெரியுமே, மக்கெய்சர் மைதானத்தில் அது முதுகுப் பக்கமாக வந்தால் நீயும்கூட வேகமாக ஓடுவாய். சென்ற வாரம் ஒரு பையன் 100 மீற்றரை 10.9இல் ஓடினான் என்று கல்வி வலயம் முழுக்கச் செய்தி. கைக்கடிகார நேரம் அது. மின்னியல் நேரத்தோடு ஒப்பிட 0.24ஐக் கூட்டு. பிறகு காற்று: விநாடிக்கு 2 மீற்றருக்கு மேல் பின்காற்று இருந்தால் சாதனைக்குக் கணக்கில்லை. அன்று வீசிய காற்றில் கமுகம்பாளையே பறந்தது. கழித்துப் பார்த்தால் அவன் நல்ல ஓட்டக்காரன், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் ஏற்கெனவே பாடசாலைகளுக்கிடையிலான சேர் ஜோன் டார்பட் மெய்வல்லுநர் போட்டிக்குப் புதுச் சப்பாத்து வாங்கிவிட்டார்கள். அங்கே மின்னியல் கடிகாரத்துக்கு முன் அந்தப் பிள்ளை 11.4 ஓடிவிட்டுத் தலைகுனிந்து வருவான். அதைத்தான் தாங்க முடியவில்லை. உன்னால் முடிந்தால் உன் மகனின் கழகத்தில் பழைய காற்றுமானி ஏதாவது கிடக்கிறதா என்று விசாரி. அவன் இனித் தொடப்போகாத அந்த 1.75 கிலோ பரிதிவட்டங்களும் வேண்டும். கிண்ணியாவில் ஒரு பையன் பழைய மரத் தட்டு ஒன்றை ஈயம் கட்டி எறிந்துகொண்டிருக்கிறான்.

இங்கே எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை 800 ஓடுகிறாள். பெயரை இப்போது எழுதமாட்டேன். தாய் உப்புவெளியில் இடியப்பம் அவித்து விற்கிறவர். பின்னேரப் பயிற்சிக்கு விட்டால் மாவு குழைக்க ஆளில்லை என்கிறார். நியாயம்தான். காலையில் பள்ளிக்கு முன் ஓடலாம் என்று ஒழுங்கு செய்திருக்கிறோம். எனக்கு ஓய்வுபெற இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது. இடமாற்றப் பட்டியலில் இந்த முறை என் பெயர் வராமல் இருக்க ஒருவரைப் பிடித்திருக்கிறேன். வாழ்க்கையில் இதுவரை யாரையும் பிடித்ததில்லை.

இராசாத்தி அக்காவுக்குக் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. தேவன் டச்சுக் குடாப் பக்கம் வீடு கட்டுகிறான், கடன் ஏறுகிறது, பெருமை குறையவில்லை.

ஆகஸ்ட்டில் வருவதாக எழுதியிருந்தாய். திகதியைச் சரியாக எழுது; நம்மோடு ஒன்றாகப் படித்த தொகுதியின் பழைய மாணவர் ஒன்றுகூடலை அதற்கேற்ப வைக்கலாம். அஞ்சலோட்டம் இருக்கிறது, தேவனும் நானும் சபாவும் பெயர் கொடுத்துவிட்டோம், நான்காவது ஆளாக உன் பெயரைக் கேட்காமலே எழுதிவிட்டேன். இரத்த அழுத்த மாத்திரையைக் கொண்டுவர மறக்காதே.

அன்புடன்,
யோகன்