கம்பளி மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

மார்கழி முதல் மாசி வரை நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் இரவுக் குளிர் எப்படியிருக்கும் என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உறைபனியில் கொழுந்து கருகினால் பத்திரிகையில் படத்தோடு செய்தி வருகிறது. அதே குளிரில் தேயிலைத் தோட்டத்துத் தகரக் கூரை லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) வந்து சேரும் பச்சைப்பிள்ளையைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும்.

பிரசவம் இப்போது பெரும்பாலும் வைத்தியசாலையில்தான். அங்கே பிள்ளையைத் துடைத்து, தொப்பி போட்டு, தாயின் நெஞ்சில் கிடத்துகிறார்கள். டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் சிக்கல்.

பிறந்த பிள்ளைக்கு நடுங்கிச் சூடு உண்டாக்க முடியாது. கழுத்து, தோள்பட்டைப் பக்கம் இருக்கிற பழுப்புக் கொழுப்பை எரித்தே சூட்டைக் காக்கிறது. 2,500 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகள் தோட்டங்களில் அதிகம். அவர்களுக்கு அந்தக் கொழுப்பும் குறைவு. அது எரிய எரிய இரத்தத்தில் சீனி இறங்கும், பால் உறிஞ்சத் தெம்பு போகும், பால் இறங்காததால் இன்னும் குளிரும்.

நாலு கம்பளியில் சுற்றினால் சரி என்று வீட்டுப் பெரியவர்கள் நினைக்கிறார்கள். கம்பளி பிளாஸ்க் மாதிரி, உள்ளே இருப்பதைத்தான் காக்கும். குளிர்ந்த பிள்ளையைச் சுற்றி வைத்தால் அது குளிர்ந்தபடியே கிடக்கும். சூடு இன்னொரு உடம்பிலிருந்துதான் வர வேண்டும்.

பிள்ளைக்கு நெப்பி, தொப்பி, காலுறை மட்டும் போட்டு, தாயின் இரு மார்புக்கும் நடுவே தோலோடு தோல் படும்படி நிமிர்த்திக் கிடத்த வேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, நாடி லேசாக உயர்ந்திருக்க வேண்டும். நெஞ்சில் நாடி குத்தினால் மூச்சு அடைக்கும். கால்கள் தவளை போல மடங்கியிருக்கட்டும். பழைய சேலையால், அதன் மேல் விளிம்பு பிள்ளையின் காதுக்குக் கீழே வரும்படி இறுகக் கட்டி, அதற்கு மேல் ஸ்வெட்டரோ கம்பளியோ போடலாம். தூங்கும்போது தாய் தலையணை வைத்துச் சாய்ந்தே படுக்க வேண்டும். குறைமாத, எடை குறைந்த பிள்ளைக்கு இதை நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் செய்யும்படி உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. தாய்க்குக் களைப்பென்றால் தகப்பனோ பாட்டியோ கட்டிக்கொள்ளலாம். ஆம்பிளை கட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பாதம் குளிர்ந்து வயிறு சூடாக இருந்தால் பிள்ளை குளிரோடு போராடுகிறது; வயிறும் குளிர்ந்தால் தோற்றுக்கொண்டிருக்கிறது. முகச் சிவப்பை நம்ப வேண்டாம், கடும் குளிரேறிய பிள்ளையின் கன்னமும் சிவக்கும். அக்குளில் 36.5 முதல் 37.5 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். குறைந்தால் உடனே நெஞ்சோடு கட்டிப் பாலூட்டி, ஒரு மணி நேரத்தில் திரும்ப அளக்க வேண்டும். ஏறாவிட்டாலோ, 35.5க்குக் கீழே போனாலோ, பால் குடிக்க மறுத்தாலோ 1990ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை பிள்ளையை நெஞ்சிலிருந்து இறக்க வேண்டாம்.

கட்டிலுக்கடியில் தணல் சட்டி வைத்துக் கதவை அடைப்பது குளிரைவிட ஆபத்தானது. தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது. சுடுதண்ணிப் போத்தல் மெல்லிய தோலைச் சுட்டுவிடும். முதல் குளிப்பாட்டலை 24 மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும், எடை குறைந்த பிள்ளைக்கு இன்னும் கூடுதலாக. இஸ்தோப்பில் வைத்து எண்ணெய் தேய்த்துக் காற்றில் குளிப்பாட்டும் வழக்கத்தைக் குளிர்காலம் முடியும்வரை விட்டுவிடலாம்.

வைத்தியசாலைகளிடம் கேட்பது இதுதான்: எடை குறைந்த பிள்ளையை அந்திக் குளிரில் அனுப்பாமல் காலை வெயிலில் அனுப்புங்கள், தாய் தன் கையாலேயே பிள்ளையை நெஞ்சில் கட்டிக் காட்டிய பிறகு டிக்கட் வெட்டுங்கள். ஓட்டோவில் பாட்டியின் மடியில் போவதற்குப் பதிலாக அதே கட்டோடு, பக்கத் திரையை இறக்கிவிட்டுப் போகலாம். வண்டி ஏறாத டிவிசன்களுக்குத் தோட்ட நிர்வாகம் தன் வாகனத்தை, இரவானாலும், ரோட்டு வரை விட வேண்டும்.

வீட்டுக்கு வரும் மருத்துவமாதின் பையில் எந்த வெப்பமானி இருக்கிறது என்பதையும் சுகாதார வைத்திய அதிகாரிகள் பார்க்க வேண்டும். பழைய கண்ணாடி வெப்பமானி 35க்குக் கீழே காட்டாது. 33 பாகையில் கிடக்கும் பிள்ளை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று அது சொல்லாது.

ஓய்வுபெற்ற மருத்துவமாது,
ஹட்டன்.