வெட்டினாலும் சரியாக வரும் பின்னங்கள்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு நண்பரே,

உமது கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து, வாவிக்கரையில் மீண்டும் நடக்கத் தொடங்கிவிட்டீர் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கே யாவரும் சுகம்.

தரம் எட்டில் படிக்கும் என் பேத்தி 16/64 என்ற பின்னத்தைச் சுருக்கும்போது, மேலும் கீழும் இருந்த 6 ஐ வெட்டிவிட்டு 1/4 என்று எழுதியிருக்கிறாள். வழி பிழை, விடை சரி. புள்ளி கிடைக்காததில் எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால், பிழையான வழியில் சரியான விடை எப்படி வந்தது என்று அவள் கேட்டதற்கு வகுப்பில் எவரும் பதில் சொல்லாமல் விட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே இருவரும் கடதாசியுடன் அமர்ந்தோம். தொகுதி எண்ணின் முதல் இலக்கத்தை அ என்றும், வெட்டப்படும் இலக்கத்தை ஆ என்றும், பகுதி எண்ணின் கடைசி இலக்கத்தை இ என்றும் கொண்டால், சமன்பாடு ஆ = 9 × அ × இ ÷ (10 × அ − இ) என்று சுருங்கும். அ = 1 எனின், இ 4 ஆகும்போது 36 ÷ 6 = 6, இ 5 ஆகும்போது 45 ÷ 5 = 9; இ 2, 3, 6 ஆக இருந்தால் முழு எண் கிடைக்காது, 7 முதல் விடை ஓரிலக்கத்தைத் தாண்டிவிடும். இப்படியே அ 9 ஆகும்வரை சென்றால், 11/11 போன்ற வெறும் வேடிக்கைகளை ஒதுக்கிய பின், ஒன்றிலும் சிறிய ஈரிலக்கப் பின்னங்களில் எஞ்சுபவை 16/64, 19/95, 26/65, 49/98 என்னும் நான்கே. வெட்டப்படும் இலக்கத்தைத் திரும்பத் திரும்ப எழுதி நீட்டினாலும் இவை குலைவதில்லை: 1666/6664 உம் 1/4 தான்.

இவை தற்செயலானவை என்பது என் எண்ணம். 1/7 அப்படியன்று. 0.142857 என மீளும் அத்தசமத்தை இரண்டாகப் பிளந்து கூட்டினால் 142 + 857 = 999. நெடும் வகுத்தலில் வரும் மீதிகளைப் பாரும்: 1, 3, 2, 6, 4, 5. பாதிவழியில் மீதி 6 ஆகிவிடுவதால், அங்கிருந்து நாம் எழுதுவது 6/7 இன் தசமம்; 1/7 உம் 6/7 உம் சேர்ந்தால் ஒன்று, அதாவது 0.999… என்பதால் ஒவ்வோர் இடத்திலும் 9 வந்தே தீரவேண்டும். பகுதி எண் முதன்மை எண்ணாகவும் மீளும் இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டையாகவும் இருந்தால் இது எப்போதும் நிகழும் என்பதை 1836 இல் மிடி என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்டார்.

பேத்திக்கோ 1/27 = 0.037037…, 1/37 = 0.027027… என்ற இரட்டையர்தான் பிடித்திருக்கிறது. 27 × 37 = 999 என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

உமக்கு ஒரு வேலை: கணிப்பொறியைத் தொடாமல் 1/17 ஐ 16 இலக்கங்கள் வரை வகுத்து, எட்டு எட்டாகப் பிரித்துக் கூட்டிப் பாரும். பின்னர், மீளும் இலக்கங்களை இதேபோல் மூன்று சமகூறுகளாகப் பிரித்துக் கூட்டக்கூடிய வேறொரு பின்னத்தை எனக்குத் தேடித் தாரும். விடையைத் தபாலில் அனுப்பும். தொலைபேசியில் சொன்னால் பேத்தி முந்திக்கொள்வாள்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்