பந்தயத்தில் தோற்பது காரால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணைய விளையாட்டு என்றாலே ரம்மியில் போன பணம், ராத்திரி தூங்காத பிள்ளை என்ற இரண்டு செய்திகளோடு நாளிதழ்கள் நின்றுவிடுகின்றன. இரண்டும் எழுத வேண்டியவையே. ஆனால் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் கேமிங் சென்டருக்குள் சனிக்கிழமை சாயங்காலம் எட்டிப் பாருங்கள். ‘ஜிடிஏ ஆன்லைன்’ விளையாட்டில் கார்ப் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும். தோற்றவர் வாயில் வரும் முதல் வார்த்தை ‘வண்டி சரியில்லடா’. அந்த நினைப்பில்தான் ஷார்க் கார்டு என்ற பெயரில் நிஜப் பணம் கொடுத்து விளையாட்டுப் பணம் வாங்கி, அதில் விலை கூடிய காரும் வாங்குகிறார்கள். பந்தயத்துக்காக என்றால் அது தண்டச் செலவு. வெற்றி தோல்வி, பந்தயம் தொடங்குமுன் ஆட்டக்காரர்கள் கூடிக் காத்திருக்கும் லாபியிலேயே பாதி தீர்ந்துவிடுகிறது.

(விளையாட்டு வயது வந்தவர்களுக்கானது, ஐரோப்பியத் தரக்குறியீட்டில் 18 என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அதன் முன்னால் உட்காரவைக்கும் சென்டர்கள் செய்வது தப்பு. அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.)

பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்துத்தான் வண்டியை விடுவார்கள். கரிச்சானைக் கொண்டுபோய்ப் பெரிய மாட்டோடு நிறுத்தினால் ஊரே சண்டைக்கு வரும். விளையாட்டிலும் சூப்பர், ஸ்போர்ட்ஸ், மசில், பைக் என்று பிரிவுகள் உண்டு. ஆனால் ஒரே பிரிவுக்குள் ஒருவர் இன்ஜின், டிரான்ஸ்மிஷன், டர்போ எல்லாம் ஏற்றிய சொந்தக் காரோடு வருவார். நேற்றுச் சேர்ந்தவர் ஷோரூம் வண்டியோடு நிற்பார். இதைச் சரிசெய்ய, பந்தயத்தை நடத்தும் ஹோஸ்ட் கையில் ‘கஸ்டம் வெஹிக்கிள்ஸ்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ஆஃப் செய்தால் எல்லாருக்கும் ஷோரூம் வண்டிதான். யார் எவ்வளவு செலவழித்தார் என்பது அங்கே செல்லாது. சேருகிறவர் லாபி விவரத்தில் இந்த ஒரு வரியையாவது படிக்க வேண்டும். ஆனில் இருந்து, உங்களிடம் ஏற்றிய வண்டி இல்லையென்றால் பேசாமல் வெளியே வந்துவிடுங்கள்.

ஏற்றுவதானால் முதலில் டர்போ, இன்ஜின், டிரான்ஸ்மிஷன், பிறகு பிரேக். காரின் பின்பக்க இறக்கையான ஸ்பாய்லரை அலங்காரம் என்று நினைப்பவர்கள் அதிகம். டயரின் பிடிமானத்தை அது கொஞ்சம் கூட்டும். எந்த வடிவமானாலும் பலன் ஒன்றே, அதனால் மலிவானது போதும். பெயின்ட்டும் நியான் விளக்கும் வேகம் தராது.

எரிச்சலான விஷயம் ‘கேட்ச் அப்’. பின்தங்கியவருக்கு விளையாட்டே கூடுதல் வேகம் கொடுத்துவிடும். இரண்டு சுற்றும் சுத்தமாக ஓட்டி முன்னால் போனவரை, நாலு தடவை சுவரில் மோதியவர் கடைசி நேர்ச்சாலையில் தாண்டிப் போவதற்கு இதுவே காரணம். புதியவர்கள் மனம் விடாமல் இருக்கட்டும் என்று வைத்ததாகச் சொல்லலாம். எனக்கு அது ஓட்டியவரின் உழைப்பைப் பிடுங்கிக் கொடுப்பதாகவே படுகிறது. ‘ஸ்லிப்ஸ்ட்ரீம்’ அப்படி இல்லை. முன்னால் போகும் காரின் நேர்ப் பின்னால் ஒட்டிப் போனால் காற்றுத் தடை குறைந்து வேகம் ஏறும், திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடும். அந்த வேகம் ஏறிய பிறகு ஒரு பக்கம் விலகித் தாண்ட வேண்டும். சீக்கிரம் விலகினால் பயனில்லை, தாமதித்தால் அவர் பம்பரில் முட்டுவீர்கள். அதில் கைவேலை இருக்கிறது. நண்பர்களுக்குள் ஓட்டும்போது கேட்ச் அப் ஆஃப், ஸ்லிப்ஸ்ட்ரீம் ஆன் என்று வைத்துக்கொண்டால் சண்டை பாதியாகக் குறையும்.

கிளம்பும் இடத்தில் எல்லாரும் செய்யும் பிழை, 3, 2, 1 ஓடும்போதே ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்திருப்பது. விரலை எடுத்துவிட்டு, ‘கோ’ என்று திரையில் வரும் அதே கணத்தில் அழுத்துங்கள். வண்டி ஓர் உந்து உந்திக் கிளம்பும். முந்தினாலும் பிந்தினாலும் கிடைக்காது.

அந்த உந்துதலோடு முதல் வளைவுக்குப் போவதில்தான் எல்லாம் கெடுகிறது. பத்துப் பன்னிரண்டு கார் ஒட்டிக்கொண்டு வருகின்றன. முன்னால் இருப்பவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் வருகிறவர்கள் தனியாக ஓட்டிப் பழகியபோது வந்த வேகத்தைவிடக் கூடுதலாக வருகிறார்கள். பிரேக்கை மட்டும் பழகிய அதே விளக்குக் கம்பத்தருகே பிடிக்கிறார்கள். வண்டி எங்கே நிற்கும்? அடுத்தவர் முதுகில்தான். மூன்றாம் இடம் முதல் எட்டாம் இடம் வரை இருப்பவர்கள் அந்தக் கம்பத்துக்கு இரண்டு மூன்று கார் நீளம் முன்னதாகவே பிரேக் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு பேர் தாண்டிப் போவார்கள், போகட்டும். அவர்கள் இடித்துக்கொண்டு வெளிப்பக்கமாகச் சறுக்கும்போது வளைவின் உள்பக்கம் ஒரு கார் அகலத்துக்கு இடம் திறக்கும். மெதுவாக வந்தவர் அதில் நுழைந்துவிடலாம். வெளிப்பக்கம் சுற்றிப் போகப் பார்ப்பவர் மேல்தான் சறுக்கும் கார்கள் வந்து விழும்.

வண்டி நேராக இருக்கும்போதே பிரேக், அதை விட்ட பிறகு திருப்பல். இரண்டையும் சேர்த்துச் செய்தால் முன் டயர் பிடிக்காமல் நேராக இழுத்துக்கொண்டு போகும். ஹேண்ட்பிரேக்கைப் போட்டுப் பின்பக்கத்தை வீசித் திரும்புவது பார்க்க அழகு. வளைவை விட்டு வெளியே வரும்போது வேகம் செத்திருக்கும். கீபோர்டில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: பட்டனை அழுத்தினால் ஸ்டியரிங் முழுக்கத் திரும்பிவிடும். பிடித்திருக்காமல் தட்டித் தட்டித் திருப்ப வேண்டும்.

இடிக்கிறவர்கள் தொல்லை தாங்காவிட்டால் ‘நான் காண்டாக்ட்’ பந்தயம் இருக்கிறது. கார்கள் ஒன்றுக்குள் ஒன்று ஆவி மாதிரி புகுந்து போகும். வேகம் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. வழியில் வரிசையாகக் கடக்க வேண்டிய குறியான செக்பாயிண்ட்டைத் தவறவிட்டால் யூ டர்ன் போட்டு எதிரே வருகிறவர்கள் மேல் மோதாதீர்கள். பிளேஸ்டேஷனில் முக்கோண பட்டன், எக்ஸ்பாக்ஸில் ஒய், கம்ப்யூட்டரில் எஃப்: விடாமல் அழுத்திப் பிடித்தால் கடைசி செக்பாயிண்ட்டில் கொண்டுவந்து விடும்.

பைக் பிரிவில் ‘பாட்டி 801’ பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கன்ட்ரோலரின் இடது குச்சியைப் பின்னால் இழுத்து முன்சக்கரத்தைத் தூக்கினால் அது தரையில் போவதைவிட வேகமாகப் போகும். நேர்ச்சாலையில் மட்டும் தூக்குங்கள். தூக்கியிருக்கும்போது ஹேண்டில் சரியாகத் திரும்பாது. வாரந்தோறும் மாறும் ‘டைம் டிரையல்’ என்ற தனியாள் ஓட்டத்துக்குப் பலர் இந்த பைக்கையே எடுப்பதும் அதனால்தான். அதில் குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் கிடைக்கும் விளையாட்டுப் பணம், ஷார்க் கார்டு வாங்கும் தேவையைக் குறைக்கும். அழைக்கப்பட்டவர் மட்டும் வரக்கூடிய ‘இன்வைட் ஒன்லி’ செஷனில் செய்யுங்கள். சாலைப் போக்குவரத்து இருக்கும், வேற்றாள் தொல்லை இருக்காது.

2016-இல் வந்த ஸ்டண்ட் பந்தயங்களைப் பற்றி ஒரே சொல்: வேகப் பட்டையில் ஏறும்போது ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். தாவலில் மூக்கைச் சமமாக வைத்து நாலு சக்கரமும் சேர்ந்து இறங்கும்படி பாருங்கள். ‘ராலி’ என்ற இருவர் பந்தயத்தில் ஓட்டுகிறவருக்கு வழி தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நல்ல துணைச் சாரதி கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள்.

இனி இணைப்பு. இந்தப் பந்தயங்களில் ஆட்டக்காரர்களின் பெட்டிகள் (பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கம்ப்யூட்டர்) ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. உங்கள் திரையில் எதிராளியின் கார் ஒரு முழம் தள்ளித்தான் போகும். அவர் திரையில் நீங்கள் இடித்திருப்பீர்கள். ‘நான் இடிக்கவே இல்லை’ என்று இருவரும் சத்தியம் செய்தால் இருவரும் உண்மைதான் பேசுகிறார்கள். வைஃபையை விட்டு லேன் கேபிளில் மாட்டினாலே கார்கள் தாவித் தாவித் தெரிவது பெருமளவு குறையும். வீட்டில் வேறொருவர் வீடியோவை மேலேற்றிக்கொண்டிருந்தால் கேபிளும் காப்பாற்றாது. கடைமடைக்குத் தண்ணீர் வராத கதைதான், மேலே யாரோ மடையைத் திறந்து வைத்திருக்கிறார்கள். லாபியில் சேரவே முடியாமல் ‘நாட் டைப் ஸ்டிரிக்ட்’ (மற்றவர்களின் இணைப்பு உங்களுக்குத் தடைபடுகிறது என்று பொருள்) என்று வந்தால், ரவுட்டரில் தானாக வழிவிடும் யூபிஎன்பி என்ற அமைப்பை ஆன் செய்து பாருங்கள். அல்லது போர்ட் எனும் இணைப்பு வாசல்களில் யூடிபி 6672, 61455 முதல் 61458 வரையுள்ளவற்றை ரவுட்டரில் திறந்துவிடுங்கள். பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கும் இணைப்பு என்றால் இதுவும் பலிக்காது. தனி முகவரி கேட்டுக் கேபிள்காரரிடம்தான் போக வேண்டும்.

பழைய பெட்டி வாங்குகிறவர்கள் கவனிக்க: பிஎஸ்3-க்கான (பிளேஸ்டேஷன் 3) ஜிடிஏ ஆன்லைன் சேவை 2021 டிசம்பரிலேயே மூடப்பட்டுவிட்டது. பிஎஸ்4-இல் இருப்பவரும் பிஎஸ்5-இல் இருப்பவரும் ஒரே பந்தயத்தில் சேர முடியாது. கம்ப்யூட்டரில் ஏமாற்று மென்பொருள்காரர்கள் பந்தயத்தைக் குலைத்துவந்தார்கள். 2024 செப்டம்பரில் அவர்களைத் தடுக்க பேட்டில்ஐ என்ற காவல் மென்பொருள் வந்தது.

பெற்றோருக்கு ஒன்று. ஆன்லைன் பந்தயத்தை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. அதற்கு பட்டனே கிடையாது. ‘இப்பவே வா, சோறு ஆறுது’ என்று கூப்பிட்டால் வராததற்குப் பாதிக் காரணம் திமிர், மீதிக் காரணம் இது. பெரும்பாலான பந்தயங்கள் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ‘இந்த ரேஸ் முடிஞ்சதும் வா, அடுத்த லாபிக்குப் போகாதே’ என்று சொல்லிப் பாருங்கள்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு கோரிக்கை. கடைசிச் சுற்றில் முன்னால் இருப்பவரை டெல்டாவில் கேட்ச் அப்பைவிட அதிகமாக வீழ்த்துவது பராமரிப்புக்கான மின்தடைதான். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வைத்தாலும் டிவியும் பெட்டியும் அணைந்துவிடுமே. ‘நாளை மின்தடைப் பகுதிகள்’ பட்டியலை உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் போடுகிறீர்கள். அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில், ஊர்ப்பெயர் விடாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருவாரூர் மாவட்டம்