3 முறை "கோளாறு இல்லை" என்று திரும்பி வந்த லேப்டாப்: பயாஸ் அப்டேட் குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே லேப்டாப்புக்காக நான் எழுதும் 4-வது கடிதம் இது. முந்தைய மூன்றுக்கும் "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்ற தானியங்கிப் பதிலைத் தவிர ஒரு வரி வரவில்லை. பில் நகல், சீரியல் எண், 3 ஜாப் ஷீட், லேட்டன்ஸிமான் (எந்த டிரைவர் மென்பொருள் பிராசஸரை எவ்வளவு நேரம் பிடித்துவைக்கிறது என்று அளக்கும் செயலி) அறிக்கைகள் எல்லாவற்றையும் மறுபடி இணைத்திருக்கிறேன். இந்த முறையாவது யாராவது அவற்றைத் திறந்து பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

கோளாறு இதுதான். டி.ஜே. சாஃப்ட்வேரில் பாட்டு ஓடும்போது நிமிடத்துக்கு ஒரு முறையாவது ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு வெட்டு விழுகிறது. சி.பி.யூ. 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. ராமில் பாதிக்கு மேல் காலி. பாட்டுகள் உள்ளே இருக்கும் எஸ்.எஸ்.டி.யிலிருந்துதான் ஓடுகின்றன. ஆகவே "ஹெவி சாஃப்ட்வேர் போட்டிருக்கிறீர்கள்" என்ற பதிலைத் தயவுசெய்து இன்னொரு முறை அனுப்ப வேண்டாம்.

கடைசி பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) பதிப்பு ஏறிய அன்றே இது ஆரம்பித்தது. அதை நான் ஏற்றவில்லை; உங்கள் அப்டேட் செயலியே என்னைக் கேட்காமல் ஏற்றிக்கொண்டது. பழைய பதிப்பில், மின்சாரத்தையும் பேட்டரியையும் கவனிக்கும் ஏசிபிஐ டிரைவரின் அதிகபட்ச டிபிசி நேரம், அதாவது அது ஒரே மூச்சில் பிராசஸரைப் பிடித்துவைத்த நேரம், 300 மைக்ரோ விநாடி. இப்போது 4,100. அந்தப் பதிப்பில் பேட்டரி நிலையைப் படிக்கும் பகுதியில் என்ன மாற்றினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் விளக்கத் தேவையில்லை.

ஆனால் உங்கள் சர்வீஸ் சென்டருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (ஒலியை முன்கூட்டியே எடுத்து வைக்கும் இடம்) வைத்தால், 2.9 மில்லி விநாடிக்கு ஒரு முறை அடுத்த துண்டு ஒலி தயாராக இருந்தாக வேண்டும். நடுவில் ஒரு டிரைவர் 4.1 மில்லி விநாடி பிராசஸரை விடாமல் பிடித்துக்கொண்டால், அந்தத் துண்டு வந்து சேராது. அதுதான் அந்த 'டப்'. சராசரி எவ்வளவு குறைவாக இருந்தாலும் பிரயோஜனமில்லை, அந்த ஒரு கணம்தான் கணக்கு. 256-க்கு ஏற்றினால் 5.8 மில்லி விநாடி கிடைக்கிறது, வெட்டு குறைகிறது. இரண்டு டெக்கிலும் கீலாக் (வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் பிடித்துவைக்கும் வசதி) போட்டு ஒரு எஃபெக்டைச் சேர்த்தால் மறுபடி வருகிறது. 512-இல் நின்றுவிடுகிறது. ஆனால் பஃபரில் மட்டும் 11.6 மில்லி விநாடி தாமதம். ஜாக் வீலில் (டி.ஜே. கருவியில் கையால் சுழற்றும் தட்டு) ஸ்கிராட்ச் செய்தால் சத்தம் கைக்குப் பின்னால் வருகிறது. "512-லேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்பது, பிரேக் பிடிக்காத வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்வது.

உங்கள் ஆட்கள் சோதித்த லட்சணத்தை ஜாப் ஷீட்டிலேயே பாருங்கள்: "30 நிமிடம் ஆன்லைன் வீடியோ ஓட்டப்பட்டது. ஆடியோ நார்மல்." வீடியோ பிளேயர் ஒலியை நிறைய முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும், 4 மில்லி விநாடித் தடங்கல் அதில் கரைந்துபோகும், காதில் விழவே விழாது. காய்ச்சல் என்று வந்தவரைத் தராசில் ஏற்றி, எடை சரியாக இருக்கிறது என்று அனுப்பிவைத்த கதை.

இரண்டாவது தடவை, கன்ட்ரோலரோடு (டி.ஜே. சாஃப்ட்வேரைக் கையால் இயக்கும் கருவி) வந்தால்தான் பார்க்க முடியும் என்று போனில் சொன்னார்கள். கன்ட்ரோலர், அதன் அடாப்டர், யு.எஸ்.பி. கேபிள், ஹெட்போன் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்தேன். 2 மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "வெளி டிவைஸ் எதையும் கனெக்ட் பண்ண எங்களுக்கு பர்மிஷன் இல்ல சார்" என்றார் கவுன்டரில் இருந்தவர். அப்படியானால் கொண்டுவரச் சொன்னது யார்? அன்று மாலை ஹெல்ப்லைனில் பேசிய இன்னொருவர் சொன்னதை வாழ்நாளில் மறக்க மாட்டேன்: "பாட்டு போடத்தானே சார்? அதுக்கு மொபைலே போதுமே." அந்த அழைப்பின் ஒலிப்பதிவு உங்களிடம் இருக்கும். ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அந்தச் சிரிப்போடு சேர்த்து.

நான் ஏற்கெனவே செய்து பார்த்தவை, மறுபடி கேட்டு நாளைக் கடத்தாமல் இருப்பதற்காக: வைஃபை, புளூடூத், கேமரா மூன்றையும் முடக்கியாயிற்று. டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யு.எஸ்.பி. ரூட் ஹப்பிலும் மின்சாரத்தை மிச்சப்படுத்த அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்தாயிற்று. யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்டும் அணைத்தாயிற்று. பவர் பிளானில் உங்கள் மாடல் 'பேலன்ஸ்டு' ஒன்றைத்தான் காட்டுகிறது. பவர் மோடை அதிகபட்சத்தில் வைத்தேன். கன்ட்ரோலரைத் தனி அடாப்டரில் ஓட்டினேன். வேறு போர்ட், வேறு கேபிள். எதிலும் மாற்றமில்லை.

ஒன்றே ஒன்றில் மாறியது. டிவைஸ் மேனேஜரில் 'கண்ட்ரோல் மெத்தட் பேட்டரி' என்ற பேட்டரி டிரைவரை டிசேபிள் செய்தால் அந்த நொடியிலிருந்து வெட்டு இல்லை. எனேபிள் செய்தால் திரும்ப வருகிறது. 10 முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன், 10 முறையும் அப்படியே. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? ஆனால் டிசேபிள் செய்ததும் பேட்டரி அளவு காட்டுவது போய்விடுகிறது, சார்ஜ் தீரும் எச்சரிக்கையும் வராது. சார்ஜர் ஜாக்கோ ஆடுகிறது (முதல் கடிதத்திலேயே எழுதினேன், அதையும் யாரும் தொடவில்லை). ஸ்பீக்கரின் பாஸ் அதிர்வில் சார்ஜர் பின் நழுவினால் திரையில் ஒரு அறிகுறியும் இல்லாமல் பேட்டரியில் ஓடி, நடுப்பாட்டில் மொத்தமாக அணைந்துவிடும்.

3 முறையும் நீங்கள் செய்த ஒரே வைத்தியம் ஃபார்மேட். ஃபார்மேட் செய்தால் விண்டோஸ்தான் புதிதாகும். பயாஸ் மதர்போர்டில் தனிச் சிப்பில் இருக்கிறது, அதை அது தொடாது. மூன்றாவது முறை என்னைக் கேட்காமலேயே செய்தார்கள். ஹாட் கியூ (பாட்டில் குறித்து வைத்த இடங்கள்), திருத்திய பீட் கிரிட் (தாளக் குறிகள்), பிளேலிஸ்ட் எல்லாம் போயின. பேக்கப் இருந்தது, ஆனால் 5 வாரப் பழையது. இந்த லேப்டாப்பால் போன நிகழ்ச்சிகளும் பெயரும் இனி இந்த ஜென்மத்தில் திரும்பாது.

பழைய பயாஸ் பதிப்பை நானே போட்டுக்கொள்ளலாம் என்றால், உங்கள் ஃப்ளாஷ் கருவி கீழ்ப்பதிப்புக்கு இறங்க மறுக்கிறது. எனவே கேட்பது இவ்வளவுதான்: பழைய பதிப்புக்கு இறங்க வழி செய்யுங்கள், அல்லது திருத்திய பதிப்பை எந்தத் தேதியில் தருவீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். சார்ஜர் ஜாக்கை மாற்றுங்கள். இரண்டும் முடியாதென்றால் வேறு மாடல் கொடுங்கள், அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். உங்கள் பொறியாளர் ஒருவர் 10 நிமிடம் பேசினால் போதும், எல்லா அறிக்கைகளோடும் ஒத்துழைக்கத் தயார்.

15 நாளில் மனிதர் எழுதிய பதில் வராவிட்டால், இதே இணைப்புகளோடு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். ஹெல்ப்லைன் ஒலிப்பதிவையும் அங்கே கேட்டு வாங்குவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: சோதிப்பவருக்கு. பயாஸ் புதிய பதிப்பிலேயே இருக்கட்டும், பேட்டரி டிரைவர் எனேபிளாக இருக்கட்டும். லேட்டன்ஸிமானைச் சார்ஜரோடு 20 நிமிடம், சார்ஜரைக் கழற்றி 20 நிமிடம் ஓட்டுங்கள். ஆடியோவை அசியோ டிரைவரில் (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் டிரைவர்), 128 பஃபரில் வையுங்கள். வீடியோ ஓட்ட வேண்டாம். ஃபார்மேட் செய்யவே வேண்டாம்.