மரைகளை எண்ணிக் கட்டுப்பாட்டுடன் குறைத்து, எங்கள் இராக்காவலுக்கு முடிவு தருமாறு கோரும் மனு

அனுப்புநர்:
மேற்பிரிவு லயக் குடியிருப்பாளர்கள்,
ஒஹிய வழி.

பெறுநர்:
வனவிலங்குப் பொறுப்பதிகாரி ஐயா அவர்கள்.

விடயம்: பயிர்க்காணிகளுக்குள் இறங்கும் மரைக் கூட்டம் (பெரிய காட்டு மான்கள்) தொடர்பாக (நான்காவது மனு)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் மனுவைக் கிராம உத்தியோகத்தர் மூலமாக அனுப்பினோம். இரண்டாவதைப் பதிவுத் தபாலில் போட்டோம். பற்றுச்சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மூன்றாவதை நானும் இன்னும் இரண்டு பெண்களும் ஒரு நாள் பேரை (நாட்கூலியை) விட்டுவிட்டு, பஸ் ஏறி நேரில் கொண்டுவந்து கொடுத்தோம். தாங்கள் அன்று வெளிக்கள வேலையாகப் போயிருந்தீர்கள். வாங்கி வைத்தவர், பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். அதன்பின் ஒரு செய்தியும் இல்லை. தங்களுக்கு வேலை அதிகம் என்பதை அறிவோம். குறை சொல்வதற்காக அல்ல, இது நான்காவது என்பது தெரியவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் இடத்தைத் தாங்கள் அறிவீர்கள். ஒஹிய ஸ்டேஷனிலிருந்து ஹோட்டன் சமவெளிக்கு ஏறும் பாதையில் ஜீப் வண்டி முதல் கியரில் முனகும் வளைவுக்குக் கீழே எங்கள் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்). லயத்துக்குப் பின்னால் குடும்பத்துக்குப் பத்து, இருபது பேர்ச் அளவான சிறு மரக்கறிக் காணி. அதற்கு மேல் கைவிடப்பட்ட தேயிலை, அதற்கும் மேல் காடு. காட்டுக்கும் எங்கள் கோவாவுக்கும் நடுவில் இருப்பது ஒரு கான் (வடிகால்) மட்டும்தான்.

எமது குறைகளை இலக்கமிட்டுத் தருகிறோம்.

1. மரைகள் ஆறேழு வருடங்களுக்கு முன் இரண்டு மூன்றாக, அதுவும் மழையில்லாத மாதங்களில் மட்டும் வந்து போயின. இப்போது வருடம் முழுவதும் வருகின்றன. சென்ற மாதம் டோர்ச் அடித்தபோது ஒரே வேளையில் பதினேழு சோடிக் கண்கள் மின்னின. லீக்ஸ், கரட் இலை, கோவா, போஞ்சி எதையும் விடுவதில்லை. தின்பதைவிட மிதிப்பது அதிகம். காட்டுப்பன்றி வேறு உருளைக்கிழங்குப் பாத்தியை ஏர் பூட்டியது போலக் கிளறிவிடுகிறது. ஆனால் பன்றி உறுமும், மண்ணை முட்டும், வருவது கேட்கும். மரைக்குச் சத்தமே இல்லை.

2. ஐயா, இந்த மனுவின் காரணம் பயிர் நட்டம் அல்ல. அதைப் பற்றி முதல் மூன்று மனுவிலும் கணக்கோடு எழுதிவிட்டோம். இந்த முறை நாங்கள் எழுதுவது தூக்கத்தைப் பற்றி.

எங்கள் பிரிவில் ஆண்களில் பாதிப்பேர் கொழும்பில் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் இருக்கிறார்கள். காவல் இருப்பது பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும். காலை பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போய், நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து எடுத்து, மாலை நிறுவைக்குப் போட்டு, வந்து அடுப்பு மூட்டி, சாப்பிட்டுக் கை கழுவியதும் கம்பளியை எடுத்துக்கொண்டு காவல் குடிசைக்கு ஏறுகிறோம். குடிசை என்று சொல்கிறேனே தவிர, நான்கு டர்பன்டைன் மரக் கம்பும் ஒரு பொலித்தீன் விரிப்பும்தான். இரவை மூன்றாகப் பிரித்திருக்கிறோம். முதல் காவல் பத்தரை மணி வரை. நடுக்காவல், இரவு மெயில் சுரங்கத்துக்குள் ஊதிக்கொண்டு போகும் வரை. கடைக்காவல் விடியும்வரை. கடைக்காவல் இருப்பவள் குடிசையிலிருந்து இறங்கி முகம் கழுவி அப்படியே கொழுந்துக் கூடையைத் தூக்குகிறாள். வாரத்தில் மூன்று இரவு, ஆள் குறைந்தால் நான்கு இரவு, இதுதான் எங்கள் வாழ்வு.

பன்றியென்றால் கண்ணயர்ந்தாலும் சத்தம் கேட்டு எழும்பலாம். மரைக்காக விழித்தே இருக்கவேண்டும். கோவா இலை கிழிகிற அந்தச் சின்னச் சத்தம் கேட்டால்தான் வந்துவிட்டது என்று தெரியும். கேட்கும்போது ஒரு பாத்தி போயிருக்கும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தகரம் தட்டுகிறோம். ஒரு குடிசையில் தட்டினால் லயத்தில் தூங்குகிற குழந்தை எழும்பி அழுகிறது. ஆக, காவல் இல்லாதவர்களுக்கும் தூக்கம் இல்லை. தை மாதத்தில் மேலே சமவெளியில் பனி உறையும்போது எங்கள் பக்கம் விரல்கள் மரத்துப்போய்த் தகரத்தைப் பிடிக்க முடியாது. விறகு நனைந்தால் நெருப்பும் இல்லை. சில இரவுகளில் காட்டுக்குள்ளிருந்து மரை திடீரென்று உரத்துக் குரல் கொடுக்கும். சிறுத்தையைக் கண்டால்தான் அப்படிக் கத்தும் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தச் சத்தம் வந்தால் பயிர் போனால் போகட்டும் என்று பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடுகிறோம்.

என் மகன் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டியவன். அவனுடைய கணித ஆசிரியர் எனக்கு ஒரு துண்டு எழுதி அனுப்பினார்: "பிள்ளை வகுப்பில் தூங்குகிறான், இரவில் தொலைபேசி பார்க்கிறானா என்று கவனியுங்கள்." நான் என்ன பதில் எழுத? என் காவல் முறையில் எனக்குக் காய்ச்சல் என்று அவன்தான் போய் இருந்தான் என்று எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது. பக்கத்துக் காம்பராப் பெண், நடுக்காவல் இருந்த மறுநாள் மலையில் கொழுந்து எடுக்கும்போது கண் இருட்டி, கூடையோடு கானுக்குள் விழுந்தாள். இடது கை முறிந்தது. பன்றி முட்டி முறியவில்லை, மரை மிதித்து முறியவில்லை. தூக்கம் முறித்த கை அது. அதற்கு நட்டஈட்டுப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்புவது?

3. மரை பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதும், 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைக் காக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். 1988 முதல் மேலே உள்ளது தேசியப் பூங்கா, அதற்குள் துவக்குக்கு இடமில்லை என்பதும் தெரியும். நாங்கள் அந்தச் சட்டத்தை மதிக்கிறோம். அதனால்தான் நாங்களாக எதுவும் செய்யாமல் நான்கு முறை எழுதியிருக்கிறோம்.

செய்கிறவர்கள் வேறு இடங்களில் செய்கிறார்கள். சுருக்குக் கம்பி கட்டுகிறார்கள், மிருகம் தட்டினால் வெடிக்கும் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். கம்பிக்கு இது பன்றி, இது மரை, இது சிறுத்தை என்று தெரியாது. 2020 மே மாதம் மஸ்கெலியா நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்தில் கம்பியில் மாட்டிய கருஞ்சிறுத்தையைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உடவளவைக்குக் கொண்டுபோயும் அது பிழைக்கவில்லை. இந்த மலையில் மரையைத் தின்று தொகையைக் கட்டுக்குள் வைக்கிற ஒரே பெரிய மிருகம் சிறுத்தை. அது கம்பியில் செத்தால் மரை இன்னும் பெருகும், மரை பெருகினால் கம்பி இன்னும் கூடும். முறையாகச் செய்யவேண்டியவர்கள் செய்யாமல் இருந்தால் களவாகச் செய்கிறவன்தான் செய்வான். பிறகு பிடிபட்டுச் சிறைக்குப் போகிறவனும் எங்கள் லயத்து ஆளாகத்தான் இருப்பான்.

4. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை எட்டு மணி முதல் ஐந்து நிமிடம் நாடு முழுவதும் விலங்கு எண்ணச் சொன்னார்கள். நாங்களும் காணியில் போய் நின்றோம். குரங்கு, மயில், மர அணில் என்று எண்ணக் கேட்டார்கள். மரையைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காலை எட்டு மணிக்கு மரை எங்கே நிற்கும் ஐயா? இராத்திரி வருவதை இராத்திரியில்தானே எண்ணவேண்டும்?

5. ஆகவே நாங்கள் கேட்பது:

(அ) முதலில் எண்ணுங்கள். பூங்கா எல்லையை ஒட்டிய காணிகளில், இரவில், பல நாட்கள். தொகை கூடவில்லை என்று எண்ணிக்கை சொன்னால் அதை எழுத்தில் தாருங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

(ஆ) கூடியிருந்தால், பூங்காவுக்கு வெளியே, பயிர்க்காணி ஓரத்தில், தாங்கள் குறிக்கும் தொகையை மட்டும், பயிற்சி பெற்ற தங்கள் ஆட்களைக் கொண்டே குறைப்பதற்கான அனுமதியை மேலிடத்தில் பெற்றுத் தாருங்கள். எங்கள் கையில் துவக்குத் தரச் சொல்லவில்லை. லயத்தில் துவக்கு வேண்டாம். குட்டி தாயோடு ஒட்டி நிற்கும் காலத்தைத் தவிர்த்து, மிருக வைத்தியர் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். பெரிய கொம்பனைச் சுட்டுவிட்டுக் குறைத்துவிட்டோம் என்று கணக்குக் காட்டவும் வேண்டாம். நிற்கிற மற்றொரு கொம்பன் போதும், வருடாவருடம் குட்டி போடுவது பெட்டைகள். தொகை குறைவதும் கூடுவதும் பெட்டையில்தான்.

(இ) இறைச்சி ஒரு கிலோ கூட விலைக்குப் போகக் கூடாது. போனால் அடுத்த மாதமே அது வியாபாரமாகிவிடும். கொம்பும் தோலும் தங்கள் அலுவலகப் பொறுப்பில் இருக்கட்டும்.

(ஈ) பூங்காவின் வாகனத் தரிப்பிடத்தில் மரைக்குப் பாணும் பிஸ்கட்டும் கொடுத்துப் படம் எடுப்பதை நிறுத்துங்கள். மனிதனைக் கண்டு பயந்த மிருகம் இப்போது எங்கள் தகரச் சத்தத்துக்குத் தலையைக்கூடத் தூக்குவதில்லை.

(உ) வேலி. சென்ற முறை வந்த தங்கள் அலுவலர் மின்கம்பி வேலி பற்றிச் சொன்னார். இரண்டு கம்பி இழுத்தால் யானை நிற்கும், மரை தாண்டும். எட்டடி உயரத்துக்கு வலை அடிக்க ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு முடியும் என்று தாங்களே கணக்குப் பாருங்கள். அரைவாசி அரசாங்கம் தந்தால் குழி வெட்டுவதும் கம்பு நடுவதும் எங்கள் பொறுப்பு.

6. உயிரைக் கொல்லச் சொல்கிறார்களே என்று சிலர் எங்களைப் பேசுகிறார்கள். எங்கள் லயத்துக் கோயிலிலேயே பேசினார்கள். எனக்கும் அது உறுத்துகிறது ஐயா. ஒரு பெண் மரை குட்டியை முன்னால் விட்டுக் கானைத் தாண்டுவதை நிலவில் பார்த்திருக்கிறேன். அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. 1848 இல் நுவரெலியாவில் வந்து குடியேறிய பேக்கர் துரை நாய்களை ஏவி மரைகளை விரட்டி விளையாட்டுக்காகக் கொன்றார். சமவெளியில் நீர்வீழ்ச்சிக்கு இன்றும் அவர் பெயர்தான். நாங்கள் கேட்பது அந்த வேட்டையை அல்ல. 1860களில் எங்கள் தீவிலிருந்தும் கப்பலேறிய மரைகள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் பெருகி, இன்று அங்கே உரிமப்பத்திரம் கொடுத்து வேட்டையாட விடுகிறார்கள் என்று என் மகள் பாடசாலைக் கணினியில் படித்துச் சொன்னாள். அதையும் கேட்கவில்லை. அங்கே அது வந்தேறிய மிருகம். இங்கே அது எங்களுக்கு முன்பிருந்தே இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அளவாக இருக்கவேண்டும் என்றுதான் கேட்கிறோம். சிறுத்தைக்கும் அது வேண்டும், எங்களுக்கும் தூக்கம் வேண்டும்.

7. தூக்கம் வேண்டும் ஐயா. வேறு என்ன எழுதுவது?

8. பயிரை விடுங்கள், காணியைக் கைவிடுங்கள், சம்பளம் இருக்கிறதே என்று சொன்னவர்களும் உண்டு. அந்த இருபது பேர்ச்சில்தான் என் மகளின் உயர்தர வகுப்புக் கட்டணம் விளைகிறது. அதில்தான் கை முறிந்தவளின் மருந்து விளைகிறது. எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இந்த மலையில் காடு வெட்டியவர்களும் நாங்கள், தேயிலை நட்டவர்களும் நாங்கள். எங்களுக்கென்று கோடு போட்டுக் கிடைத்த மண் இவ்வளவுதான். அதையும் மிருகத்துக்கு விட்டுவிட்டு லயத்துக்குள் இருங்கள் என்று எந்த அதிகாரி எழுத்தில் தருவார்? தந்தால் அதையாவது படித்துவிட்டு முடிவெடுப்போம். மூன்று மனுவுக்கும் "கிடைத்தது" என்று ஒரு வரி கூட வரவில்லையே. எங்கள் எழுத்து விளங்கவில்லையா? தமிழில் எழுதியதுதான் காரணமென்றால் சொல்லுங்கள், சிங்களத்தில் எழுதித் தர லயத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். இதை எழுதும் நான் நேற்று நடுக்காவல் இருந்தவள்.

தாழ்மையுடன் மீண்டும் கேட்பது ஒன்றுதான். எண்ணுங்கள், குறைக்க வேண்டியதாக இருந்தால் முறைப்படி குறையுங்கள். அதற்கு முன் ஒரு இரவு வாருங்கள். பகலில் ஜீப்பில் வந்து கால்தடம் பார்த்துப் போவது வேண்டாம். அதை இரண்டு முறை செய்துவிட்டார்கள். இரவு பத்து மணிக்கு வந்து, விடியும்வரை எங்கள் குடிசையில் எங்களோடு இருங்கள். தேத்தண்ணி போட்டுத் தருகிறோம், கம்பளி தருகிறோம். டோர்ச்சைத் தாங்களே பிடித்து எண்ணுங்கள்.

வருகிற திகதியைக் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி அனுப்பினால் போதும். செவ்வாய், வெள்ளி இரவுகளில் மேல்குடிசையில் காவல் என் முறை. மற்ற நாட்களில் யார் இருந்தாலும் பாதையில் இறங்கி வந்து தங்களைக் கூட்டிப் போவார்கள். வளைவில் நின்று ஹோர்ன் அடிக்க வேண்டாம், டோர்ச்சை மூன்று முறை அணைத்து எரித்தால் எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்பிரிவு மரக்கறிச் செய்கையாளர்கள் சார்பில்
செயலாளர்.

இணைப்பு: முன்னைய மூன்று மனுக்களின் பிரதிகள், பதிவுத் தபால் பற்றுச்சீட்டின் பிரதி, இம்மாதக் காவல் முறைப் பட்டியல், குடும்பத் தலைவர்களின் கையொப்பங்களும் பெருவிரல் அடையாளங்களும்.