சைக்கிள் உதிரிபாகம் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நாங்கள் ஐந்து நண்பர்கள். எங்களைவிட வயதில் மூத்த சைக்கிள்களில் ஆறு நாள் பயணம் போய்வந்தோம். பழைய இரும்புச் சட்டங்கள் ஆறு நாளும் அசையவில்லை. வழியில் நின்றது இரண்டு முறை, இரண்டுமே புதிதாக வாங்கிய பாகங்களால்.

மூன்றாம் நாள் ஏற்றத்தில் நண்பனின் இடது பெடல் சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்றது. காட்டர் பின் தேய்ந்துவிட்டது. பெடலைத் தாங்கும் கையான கிராங்க்கை அச்சோடு பூட்டுவது அந்தச் சின்னப் பின்தான். மிதிக்கிற பாரத்தை அதன் சரிவான முகம் வாங்கிக்கொள்கிறது. நட்டு அது கழலாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. பையிலிருந்த புதுப் பின்னைப் போட்டால் உள்ளே ஆடியது. துளை 9.5 மில்லிமீட்டர், பின் 9. உறையில் ‘காட்டர் பின்’ என்று மட்டும்தான் இருந்தது. அடுத்த ஊரில் சரியான தடிமனில் ஒன்று கிடைத்தது. அரம் வைத்து ராவி, கிராங்க்குக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுத்து அடித்து இறக்கினோம். இரும்பு அத்தனை மென்மை. சாயங்காலத்துக்குள் முகம் நசுங்கிவிட்டது. அவன் மீதித் தூரம் முழுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தான். எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

அப்புறம் டயர். என் சக்கரம் 28 x 1½, அதாவது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். ‘28’ என்று பெரிதாக அச்சடித்த டயரை நம்பி வாங்கி வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் டயரின் பக்கவாட்டு கிழிந்தபோது அதை எடுத்தால், அது 622. 13 மில்லிமீட்டர் குறைவு, எப்படி இழுத்தாலும் ஏறாது. கிழிசலுக்கு உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்து, காற்றைக் குறைத்து உருட்டினேன்.

பழைய சைக்கிள் ஓட்டுபவர்கள் சிலர்தான் என்று நினைக்க வேண்டாம். 1987க்கு முந்தைய வகைப் பந்தய சைக்கிள்களுக்கென்றே இத்தாலியில் 1997இல் தொடங்கிய லெரோயிக்கா ஓட்டம், பிறகு வேறு நாடுகளுக்கும் பரவியது.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. டயரில் 40-635 என்பதுபோல அகலமும் விட்டமும் கொண்ட எண்ணை, அங்குலக் கணக்கைவிடப் பெரிய எழுத்தில் போடுங்கள். காட்டர் பின்னின் தலையில் தடிமனைப் பொறியுங்கள். கடினமான எஃகில் செய்யுங்கள், கூடுதல் விலை கொடுக்கத் தயார். இரும்பு ரிம்மில் மழையிலும் பிடிக்கிற பிரேக் கட்டைகளை நிறுத்திவிடாதீர்கள், இறக்கத்தில் உயிர் அதில்தான் இருக்கிறது.

மாதிரி செய்தால் கொடுங்கள். அடுத்த பயணத்தில் மாட்டி ஓட்டி, தேய்மானத்தை அளந்து எழுதி அனுப்புகிறோம்.

அன்புடன்,
ஐவரில் ஒருவன்